மறியல்: மறிப்பவர் யார், கடன்பட்டவர் யார்?

கோடை பிறந்துவிட்டால் திண்டுக்கல் வட்டார நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி நிலையாக இடம்பிடித்துவிடும். ஊரின் பெயர் மாறும், நாள் மாறும், மற்றதெல்லாம் அதே அச்சுதான். குடிநீர் வராததைக் கண்டித்துக் காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல், பேருந்துகள் வரிசைகட்டி நின்றன, அதிகாரிகள் வந்து பேச்சுவார்த்தை நடத்தினார்கள், இரண்டு நாளில் தண்ணீர் விடுவதாக உறுதி சொன்னார்கள், மறியல் கைவிடப்பட்டது.

இந்தச் செய்தியை யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் நீட்டினால் முதல் வரியில் சற்றுத் தயங்குவார். அவருக்கு மறியல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிறை. மறியற்சாலை என்பது சிறைச்சாலை. விசாரணை முடியும்வரை காவலில் வைப்பது விளக்கமறியல்; இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் இன்றும் நாள்தோறும் புழங்கும் நீதிமன்றச் சொல் அது. வீதியை மறிக்கும் மறியலும் இப்போது அங்கே வழக்கில் இருக்கிறது. ஆனாலும், மறியலில் இருக்கிறார் என்றால் பொருள் ஒன்றுதான்: ஆள் கம்பிக்குப் பின்னால்.

குடிமக்கள் அரசைத் தடுத்து நிறுத்துவதும் மறியல். அரசு குடிமகனைத் தடுத்து வைப்பதும் மறியல். எதிரெதிராக நிற்கும் இருவருக்கும் ஒரே சொல் எப்படி வாய்த்தது? அந்தச் சொல்லின் தடத்தைத் திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையைச் சுற்றிப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் வேலை. எதிர்ப்பைக் குறிக்கத் தமிழில் கலகம், கிளர்ச்சி, புரட்சி, போராட்டம் என்று சொற்களுக்குக் குறைவில்லை. அவற்றில் மறியல் ஒன்றுதான் எதிர்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது: வழியின் குறுக்கே.

தண்ணீரும் ஆடும்

அவி என்பதிலிருந்து அவியல், பொரி என்பதிலிருந்து பொரியல். அதே தடத்தில் மறி என்பதிலிருந்து மறியல். மறி என்ற வினைக்கு இரண்டு முகம் உண்டு. தானே மறிவது ஒன்று: திரும்புவது, மீள்வது, புரள்வது. பழைய இலக்கியத்தில் அலை மறியும். போனவர் மறிந்து வருவார். மலையாளத்தில் மறியுக என்றால் இன்றும் கவிழ்வது, புரள்வது. பிறிதொன்றை மறிப்பது மற்றொன்று: தடுப்பது, திருப்பிவிடுவது. ஆட்டுக்குட்டியையும் மான்குட்டியையும் குறிக்கும் மறி வேறு. மறம், மறுத்தல், மறத்தல் ஆகியவை காதுக்கு நெருங்கிய உறவுபோலத் தோன்றும். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாட வேண்டியதில்லை. மறி தன் காலிலேயே நிற்கக்கூடிய சொல்.

அதன் வீடு வயற்காடு. சிறுமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் நாற்புறமும் கண்மாய்களுக்கும் குளங்களுக்கும் போய்ச் சேர்கின்றன. தெற்கே பாலமேட்டுக்கு அருகில் சாத்தையாறு அணை அந்த நீரைத்தான் தேக்குகிறது. அங்கிருந்து வாய்க்கால் வழியே வயலுக்கு வரும் தண்ணீரை மண்வெட்டியோடு ஒருவர் எதிர்கொள்வார். ஒரு பாத்தி நிறைந்ததும் நாலு வெட்டு மண்ணை அள்ளி மடையில் போட்டு மிதித்து அடைப்பார். அடுத்த பாத்தியின் வாயை ஒரு கொத்தில் திறப்பார். தண்ணியை மறிச்சு விடு என்று சொல்வது இந்த வேலையைத்தான். இதில் இரண்டு செயல்கள் ஒன்றாக நடக்கின்றன. ஓடிவருவது நிற்கிறது, நின்றது வேறு திசையில் போகிறது. தடுப்பு மட்டும் நடந்து திருப்புதல் நடக்காவிட்டால் வரப்பு உடையும். மறித்தவர் பொறுப்போடு மடை திறந்தாக வேண்டும்.

ஆட்டுக்கும் இதே சொல்தான். அடுத்தவர் வெள்ளாமையில் பாயப்போகும் மந்தையின் முன்னால் ஓடிக் குறுக்கே நின்று திருப்புவது மறிப்பு. அறுவடை முடிந்த நிலத்தில் இராத்தங்க ஆட்டை அடைத்து எரு சேர்ப்பது கிடை மறிப்பது. மந்தையின் போக்கைத் தனி ஆள் ஒருவர் தம் உடம்பாலும் குரலாலும் கோலாலும் மாற்றுகிறார். எண்ணிக்கையில் மந்தை பெரிது; வழியில் நிற்கும் உடம்பு சிறிது. சிறியது பெரியதன் குறுக்கே நிற்கும் துணிவு இந்தச் சொல்லுக்குள் அரசியலுக்கு முன்பே குடிவந்துவிட்டது.

மாட்டைக் கவர்வதும் மீட்பதும் இந்த நிலத்தின் மிகப் பழைய அரசியல். தொல்காப்பியம் ஆநிரை கவர்தலை வெட்சித் திணையாக வகுத்து, மீட்டலையும் அதற்குள்ளேயே வைத்தது. பிற்காலத்தில் புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை என்று தனித்திணையாக்கியது. இலக்கணம் மட்டும் பேசிய செய்தி என்று இதை ஒதுக்க முடியாது. மேல்வைகைப் பள்ளத்தாக்கில் ஆண்டிபட்டிக்கு அருகிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி எழுத்து நடுகற்களில் ஒன்று ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்ட ஒருவருக்கு எடுத்தது. போனதை மறித்துத் திருப்பப் போனவரும், கவரப் போனவரும் இப்பகுதியில் கல்லானார்கள்.

நத்தம் கணவாய், 1755

சிறுமலைக்குக் கிழக்கே நத்தம். மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போன பழைய பாதைகளில் ஒன்று நத்தத்தைச் சுற்றிய குன்றுகளுக்கும் அடர்காட்டுக்கும் இடையே நெருங்கிப் போயிற்று. மறிப்பு என்ற சொல் அதன் முழு வலுவோடு நிகழ்ந்த இடம் அதுதான்.

1755 தொடக்கத்தில் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வசூலிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு படையை அனுப்பியது. தலைவர் கர்னல் அலெக்சாண்டர் ஹெரோன். படையில் 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் இருந்தார்கள். நவாபின் அண்ணன் மாபூஸ்கான் உடன் போனார். பின்னாளில் மருதநாயகம் என்று புகழ்பெற்ற யூசுப்கானும் சிப்பாய்களின் தலைவராகப் போனார். போன வழியில் மதுரைக்கு அருகே கோயில்குடிக் கோவிலைப் படை தாக்கியது. இன்று திருமோகூர் என்று அடையாளம் சொல்லப்படும் கோவில் அது. கதவுக்கு வைக்கோல் போட்டுத் தீ வைத்தார்கள். உள்ளே புகுந்து கொள்ளையடித்ததோடு உலோகத் திருமேனிகளையும் எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தர 5,000 ரூபாய் கேட்டார் ஹெரோன். பணம் வரவில்லை. சாமிகள் மூட்டைகளோடு வண்டியேறின.

மே மாத இறுதியில் அதே படை திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பியது. நத்தம் கணவாயில் பாதை ஒடுங்கியது. வண்டித் தொடர் நீண்டது. முன்னால் போனவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் இடைவெளி விழுந்தது. பாரவண்டி ஒன்று சேற்றில் இறங்க, மாடுகளால் இழுக்க முடியவில்லை. முன்படை இது தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. மறைந்திருந்த நத்தம் பகுதிக் கள்ளர்கள் இரு புறத்துக் காட்டிலிருந்தும் ஈட்டிகளோடு அந்த இடைவெளியில் பாய்ந்தார்கள். பீரங்கியும் துப்பாக்கியும் இருந்தும் ஒடுங்கிய பாதையில் அணிவகுக்க இடமில்லை. சாமி, சாமி என்ற கூச்சலோடு அவர்கள் சாமான்களுக்குள் தேடித் தங்கள் தெய்வங்களை மீட்டுக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், தம் நூலின் 1763இல் வந்த முதல் தொகுதியில் இதை விரிவாகவே சொல்கிறார். ஹெரோன் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு வேலையிழந்தார்.

கம்பெனிப் பார்வையில் இது கொள்ளை. தாக்கியவர்களின் சாதிப் பெயரே தமிழில் திருட்டைக் குறிப்பதாகக் கொண்டு அந்தப் பார்வைக்கு எளிதாக வலுச்சேர்க்கவும் முடிந்தது. ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதன் அமைப்பு வெட்சியும் கரந்தையும்தான். கவர்ந்தவர் கோவிலுக்குள் புகுந்த படை. மீட்டவர் வழியில் நின்றவர். அவர்கள் படையை முழுவதும் அழிக்க முயன்றிருக்கலாம். அவர்கள் தேடியதோ பறிபோன பொருளை. மூட்டைகள் சூறையாடப்பட்டன, உயிர்கள் போயின. இதை மென்மையான செயலாக்கிக் காட்ட முடியாது. ஆனால் மறி என்ற வினையின் இரண்டு பாதிகளும், தடுத்தலும் திருப்புதலும், இங்கே பிரிக்க முடியாமல் இருக்கின்றன. வழிப்பறி என்று எழுதுபவர் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்.

வட்டத்துக்குள் நின்ற அரசன்

யாழ்ப்பாணத்துச் சிறைப் பொருளுக்கு வருவோம். அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு துப்பு தருகிறார். இங்கே கடன் கொடுத்தவர், தவணை சொல்லிச் சொல்லி ஏய்க்கும் கடனாளியை வழியில் கண்டால் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறுவாராம். கடனைத் தீர்க்காமலோ உரிய ஈடு தராமலோ கடனாளி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடும் தண்டனை. அரசனே ஒருமுறை அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குக் கடன்பட்டிருந்தான். குதிரைமேல் வந்த அவனைச் சுற்றி வணிகர் கோடு கீறிவிட்டார். அரசன் குதிரையை நகர்த்தவில்லை. பணம் வந்து சேரும்வரை அங்கேயே நின்றான். இதைத் தாமே கண்டதாக மார்க்கோ போலோ சொல்கிறார்.

வடநாட்டில் கடன் கொடுத்தவர் கடனாளியின் வாசலில் பட்டினி கிடந்து உட்காரும் வழக்கம் தர்ணா. அதுவும் பின்னர் அரசியல் சொல்லாயிற்று. 1967இல் மேற்கு வங்கத் தொழிலாளர்கள் ஆலை நிர்வாகிகளைச் சூழ்ந்து வெளியே விடாமல் நிறுத்திய கெராவோவும் கோடில்லாத வட்டமே. தெற்காசியாவில் எதிர்ப்பைக் குறிக்கும் சொற்கள் பலவற்றில் கடன்காரர் ஒருவர் ஒளிந்திருக்கிறார்.

மறியலையும் இந்த வரிசையில் வைத்தால் அதன் இரண்டு பொருள்களும் சண்டையின்றிச் சேர்ந்துவிடுகின்றன என்பது என் கருத்து. பாக்கி வைத்தவரைப் போகவிடாமல் நிறுத்துவது மறியல். நீதிமன்றம் வந்த பிறகு அந்த வேலையை அரசு எடுத்துக்கொண்டது: சமூகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரைக் காவலில் வைக்கிறது. யாழ்ப்பாணத்தில் சொல் அந்தப் பக்கம் போயிற்று. தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்தது: அரசுதான் பாக்கி வைத்திருக்கிறது என்று மக்கள் அதைத் தெருவில் நிறுத்துகிறார்கள். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கலகம், பண்டு, குற்றப்பரம்பரை

நத்தத்துக்கும் 20ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இப்பகுதியின் எதிர்ப்புகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் ஆட்சியாளர்கள். சிறுமலைக்கு மேற்கே, பழனி மலையடிவாரத்தில் விருப்பாச்சி. 1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் மாண்டபின் அவர் மனைவி வேலுநாச்சியார் ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்த திண்டுக்கல் சீமைக்கு வந்தபோது உறுதுணையாக நின்றவர் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனி வசம் போயிற்று. 1800இல் கோபால் நாயக்கர் மருது சகோதரர்களோடும் கொங்கு, மைசூர்ப் பகுதித் தலைவர்களோடும் கைகோத்தார். அவ்வாண்டு ஜூன் தொடக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்கும் திட்டம் முறிந்தது. பிடிபட்ட 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1801இல் கோபால் நாயக்கரும் தூக்கிலேறினார். திண்டுக்கல் கோபாலசமுத்திரக் குளக்கரை அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. கம்பெனி இவர்களை அடங்காதவர் என்றும் கலகக்காரர் என்றும் எழுதியது. 1971இல் வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் அதே நிகழ்ச்சிகளைத் தென்னிந்தியக் கிளர்ச்சி என்று பெயரிட்டு, முதல் விடுதலைப் போராக நிறுவ முயன்றார். நிகழ்ச்சி அதுவே, 170 ஆண்டுகளில் சொல் மாறியது.

ஆனால் எதிர்ப்புக்கு எப்போதும் ஒரே முகம் இருப்பதில்லை. அதைக் காட்டுவதும் திண்டுக்கல் சமவெளிதான். 1896 வாக்கில் இங்கே எழுந்த ஓர் இயக்கத்துக்குப் பண்டுக் கலகம் என்று பெயர். நத்தம் கணவாயில் கம்பெனியை மறித்த சமூகத்தாரில் பலர் அப்போது ஊர்க்காவல் செய்து காவல் கூலி பெற்றுவந்தார்கள். கூலி தராத ஊரில் மாடு காணாமல் போகும்; துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும் என்பது விவசாயிகளின் புகார். ஆடுமாடுகளை நம்பிப் பிழைத்த இடையர் சமூகத்தைச் சேர்ந்த அம்மையப்பக் கோன் முன்னின்று தொடங்க, ஊர்கள் சேர்ந்து பொதுநிதி திரட்டின. மாடு போனால் நிதியிலிருந்து இழப்பீடு. காவல் கூலி இல்லை. அந்த நிதிதான் பண்டு. இயக்கம் வீடுகளுக்குத் தீ வைத்துக் காவல்காரக் குடும்பங்களை ஊரைவிட்டு விரட்டும் அளவுக்கும் போயிற்று. இங்கே யார் மறித்தவர், யார் மறிக்கப்பட்டவர்? நூற்றைம்பது ஆண்டுக்குள் இடங்கள் மாறிவிட்டன.

அடுத்து அரசு தன் மறியலைக் கொண்டுவந்தது. 1871இல் வடக்கே பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலத்தை வைத்தே ஆணைக் குற்றவாளியாகப் பதிந்து, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கச் சொல்லி, அனுமதிச் சீட்டின்றி ஊர் தாண்டவிடாமல் தடுத்தது. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 15 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓர் ஆளின் கால் போகும் வழியை அரசு முழுதாக மறித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்க 1947 ஆயிற்று.

கடை வாசலிலிருந்து தண்டவாளத்துக்கு

பெருங்காமநல்லூருக்கு அடுத்த ஆண்டு மறியல் என்ற சொல் தமிழ் மேடையில் புதிய வாழ்வு பெற்றது. ஒத்துழையாமை இயக்கத்தின் பகுதியாகக் கள்ளுக்கடை மறியல் நடந்தது. 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்று நடத்திய மறியல் பெண்களைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய சொல் கூரான முளைக்கம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ் முளையை விட்டுவிட்டு ஆளை வைத்தது. வருபவரை நிறுத்து, திருப்பி அனுப்பு: வயற்காட்டுப் பொருள் அப்படியே பொருந்தியது.

இந்த மறியலில் அடி வாங்கலாம், அடிக்கக் கூடாது. 1931 மார்ச் 5 காந்தி–இர்வின் ஒப்பந்தம் அமைதியான மறியலை ஏற்றுக்கொண்டது. அச்சுறுத்தல், வற்புறுத்தல், பொதுமக்களுக்கு இடைஞ்சல் ஆகியவை கூடாது என்று நிபந்தனையும் போட்டது. இடைஞ்சல் இல்லாத மறியல் என்பதை இன்றைய சாலை மறியல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அன்றைய மறியல் வாசலில் நின்று வாடிக்கையாளரின் மனத்தைத் திருப்ப முயன்றது. இன்றையது வழியில் நின்று வண்டியை நிறுத்துகிறது. முன்னதில் மறிக்கப்படுபவர் விலகிப் போகலாம், பின்னதில் முடியாது. வாசல் மறியலும் வழி மறியலும் ஒரே பெயரில் வாழும் இரண்டு செயல்கள்.

வத்தலக்குண்டு மண்ணோடு பிணைந்த சி.சு. செல்லப்பா விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அந்தக் காலத்து உணர்ச்சியை முதுமையில் சுதந்திர தாகம் என்று மூன்று பாக நாவலாக எழுதினார், 1997இல் வெளிவந்தது. மறியலுக்குப் போனவர் மறியலுக்குள் போவது அந்தத் தலைமுறைக்கு ஒரே பயணத்தின் இரண்டு கட்டம். சொல்லின் இந்தியப் பொருளும் இலங்கைப் பொருளும் ஒரே ஆளின் வாழ்க்கையில் காலையும் மாலையுமாக வந்தன.

காங்கிரஸ் அரசாண்டபோது அதே கருவி அதன்மேல் திரும்பியது. 1938இல் ராஜாஜி அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எதிர்ப்பாளர்கள் பள்ளி வாசல்களில் மறியல் செய்தார்கள். அவர்களைக் கைது செய்யக் குற்றவியல் திருத்தச் சட்டம் பயன்பட்டது. சட்டமறுப்புக் காலத்தில் காங்கிரஸ்காரர்களின் மறியலை ஒடுக்க வெள்ளையர் அரசு கொண்டுவந்த அதே சட்டம். சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்த நிலையிலேயே நோயுற்று இறந்தார்கள். 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் என்ற பெயரைக் கள்ளக்குடி என்று மாற்றக் கோரி மு. கருணாநிதி உள்ளிட்டோர் தண்டவாளத்தில் படுத்தார்கள். வாசலில் நின்ற மறியல் இருப்புப்பாதைக்கு நகர்ந்தது. ரயில் மறியல் அதன்பின் தமிழ்நாட்டு அரசியலின் அன்றாடச் சொல்லாயிற்று.

அலங்காநல்லூர், 2017

சிறுமலையின் தெற்கு அடிவாரத்துக்கு அப்பால், பாலமேட்டை ஒட்டி அலங்காநல்லூர். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. மூன்று பொங்கல்கள் வாடிவாசல் திறக்காமல் போயின. 2017 ஜனவரி 16 அன்று ஊர்க்காரர்களும் வெளியூர் இளைஞர்களும் அங்கே கூடி இரவும் கலையாமல் உட்கார்ந்தார்கள். மறுநாள் காலை போலீஸ் அவர்களில் பலரை அள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் சென்னை மெரினாவில் கூட்டம் திரண்டது. மதுரையில் வைகைப் பாலத்தின்மேல் ரயில் ஒன்று மறிக்கப்பட்டு நாள்கணக்கில் அங்கேயே நின்றது.

அரசு பணிந்தது. ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. மறுநாள் வாடிவாசலைத் தாமே திறந்துவைப்பதற்காக அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மதுரை வந்தார். ஊர்க்காரர்கள் அலங்காநல்லூருக்குப் போகும் பாதைகளை மறித்தார்கள். அவசரச் சட்டம் தற்காலிகமானது. நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றார்கள். கேட்டதைக் கொண்டுவந்தவரையே திருப்பி அனுப்பிய அந்த நாள் மறியல் என்ற சொல்லை உரசிப் பார்க்க நல்ல கல். பாக்கியில் ஒரு பகுதியைக் கொண்டுவந்த கடனாளியிடம் முழுவதும் தீரும்வரை கோடு அழியாது என்றார்கள். முதலமைச்சர் சென்னைக்குத் திரும்பினார். ஜனவரி 23 அன்று சட்டமன்றம் கூடி மசோதாவை நிறைவேற்றியது. அதே நாள் மெரினாவில் போலீஸ் கூட்டத்தைத் தடியால் கலைத்தது. பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூர் வாடிவாசல் திறந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது.

ஜல்லிக்கட்டைப் பற்றிய நிலைப்பாடு எதுவாகவும் இருக்கட்டும். செயலின் அமைப்பைப் பார்த்தால் அது நத்தம் கணவாயை ஒத்தது: தன்னுடையது என்று ஒரு சமூகம் கருதும் ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டது, அதைத் திரும்பப் பெறுவதற்காகப் பாதை அடைக்கப்பட்டது, கிடைத்ததும் திறந்தது.

எல்லா மறிப்பும் மறியல் ஆகுமா?

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? போவதற்கு உரிமையுள்ள திசையில் ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது இந்திய தண்டனைச் சட்டத்தில் 339ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு. தண்டனை ஒரு மாதம்வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் பெரும்பாலும் காலையில் கைது, திருமண மண்டபத்தில் அடைப்பு, சாப்பாட்டுப் பொட்டலம், மாலையில் விடுதலை. டெல்லி ஷாகீன் பாக் சாலை மறியல் வழக்கில் 2020 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், எதிர்க்க உரிமையுண்டு, பொதுவழியைக் காலவரையின்றி அடைக்க உரிமையில்லை என்றது. அந்தத் தீர்ப்பின் கவலையைத் தள்ளிவிட முடியாது. மறியலில் சிக்கிய பேருந்தில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருக்கலாம். அவள் யாருக்கும் பாக்கி வைத்தவள் அல்ல. சாலை மறியலின் அறச்சிக்கல் இதுதான்: கடனாளி கோட்டையில் இருக்கிறார், கோடு வழிப்போக்கரைச் சுற்றி விழுகிறது.

அதைவிடக் கடுமையான சிக்கல் ஒன்றும் உண்டு. மறிப்பது வலியவருக்கும் தெரியும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை அடைத்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் நின்ற அந்தச் சுவரும் ஒரு மறிப்புதான். தெருவில் செருப்புப் போட்டு நடக்காதே, சைக்கிளில் ஏறாதே, குளத்துப் பக்கம் வராதே என்பதெல்லாம் வழிமறிப்புகளே. அவற்றை யாரும் மறியல் என்று சொன்னதில்லை. மொழி தானாகவே ஒரு வேறுபாட்டைக் காத்துவந்திருக்கிறது: தடையும் சுவரும் வேலியும் வலியவரின் சொற்கள், மறியல், தன் உடம்பைத் தவிர வேறு சுவர் இல்லாதவர் சொல்.

ஆகவே துணிவு என்பதை அளக்க மறித்தவரின் எண்ணிக்கையையோ நின்ற வண்டிகளின் வரிசையையோ பார்த்துப் பயனில்லை. மூன்று கேள்விகள் போதும். மறிக்கப்பட்டவர் மறித்தவரைவிட வலியவரா? அவரிடம் உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா? அது தீர்ந்தால் மடை திறக்குமா? நத்தம் கணவாயில் மூன்றுக்கும் ஆம் என்பதே விடை. அலங்காநல்லூரிலும் பெரும்பாலும் ஆம். பண்டுக் கலகத்தில் இரண்டாவதற்கு ஆம் எனலாம். தீப்பிடித்த குடிசைகளுக்கு முன்னால் மற்ற இரண்டும் தடுமாறுகின்றன. உத்தப்புரத்துச் சுவருக்கு மூன்றுமே இல்லை.

காலிக் குடங்களோடு சாலைக்கு வரும் பெண்களை இந்தக் கேள்விகளின் முன் நிறுத்தினால் அவர்கள் மிக எளிதாகத் தேறிவிடுவார்கள். பாக்கி என்ன என்பதைக் குடமே சொல்லிவிடுகிறது. கேட்பது தண்ணீர், தர வேண்டியவர் யார் என்பதும் தெரியும், உறுதி கிடைத்ததும் எழுந்து போகிறார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் மறியல் கைவிடப்பட்டது என்று செய்தி முடியும்போது அதைத் தோல்வியாகவோ சமரசமாகவோ படிக்கத் தேவையில்லை. மறித்தவர் தம் வேலையின் இரண்டாம் பாதியைச் செய்திருக்கிறார். அடுத்த வாரமும் குழாயில் தண்ணீர் வராவிட்டால் வாக்குத் தவறியவர் அதிகாரி. இரண்டாம் முறை அதே ஊர் சாலைக்கு வரும்போது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தவர் என்ற வழக்கை முதலில் யார் பெயரில் பதிய வேண்டும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் தெளிவாகவே சொல்வார்கள்.